ஒரே பாவில் மூன்று சேலை

ஆரணி
9.2.2025

ஸ்வர்ணலதாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய், அதனால்தான் தபால். நேராகவே கேட்கிறேன். நேற்று சேவூர் கல்யாணத்தில் நீ கட்டியிருந்த மயில்கழுத்துக் கலர் பட்டு ஏது? பொங்கலுக்கு அவர் எனக்குக் கொடுத்த அதே சேலை! "ஊர்ல யார்கிட்டயும் இல்லாத கலர்" என்று சொல்லித்தான் கொடுத்தார். பந்தியில் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். இலையில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கோர்ட்டுக்குப் போய் உன்னை விலக்கிய மனுஷன் இன்னும் உனக்குச் சேலை கொடுக்கிறாரா? எனக்கு வயிறு எரிகிறது.

பரிமளா கமலக்கண்ணன்


முள்ளிப்பட்டு
14.2.2025

அன்புள்ள பரி,

கையெழுத்தில் என் புருஷன் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன்.

அடியே, ஆரணியில் குடித்தனம் செய்கிறாய், தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் மூன்று சேலை இறங்கும் என்பது தெரியாதா? அவர் பாவு கொடுக்கிறார், நான் நெய்கிறேன். எனக்கும் பிழைப்பு வேண்டாமா? முதல் சேலை உனக்கு வந்தது. இரண்டாவதைக் கூலிக்குப் பதிலாக நானே வைத்துக்கொண்டேன். மூன்றாவதைத் தன் பட்டுக் கடைக்கு என்று அவரே வந்து வாங்கிகினு போனார். நீ வருவாய் என்று தெரிந்துதான் அதைக் கட்டினேன், போதுமா?

நம் காலேஜ் நாடகம் ஞாபகமிருக்கா? இங்கிலாந்து ராஜா ஹென்றியின் ராணிகள் கதை. நான் மூத்த ராணி கேத்தரின். எனக்குத் தோழியாக வந்து ராணியாகிற ஆன், நீ. ராஜா ஒதுக்கிய பிறகும் கேத்தரின் அவனுக்குச் சட்டை தைத்து அனுப்புவாள். ஆன் தெரிந்துகொண்டு குதிப்பாள். அன்றைக்கும் நீ நன்றாகத்தான் குதித்தாய்.

ஸ்வர்ணா


ஆரணி
3.3.2025

ஸ்வர்ணா,

மூன்றாவது சேலையைப் பார்த்துவிட்டேன். கடையில் பில் போடும் இனியா கட்டியிருந்தாள். என்னிடம் படித்த பெண்; நான்தான் இரக்கப்பட்டு வேலைக்குச் சேர்த்தேன். "சார் குடுத்தாரு மேடம். ஊர்ல யார்கிட்டயும் இல்லாத கலராம்" என்று வெட்கப்படுகிறாள்! அவரைக் கேட்டால், "சும்மா பேஜார் பண்ணாதே" என்கிறார்.

நாடகத்தில், அடுத்து ராணியாகப் போகிற தன் தோழி ஜேன் கழுத்தில் ராஜாவின் படம் தொங்குவதைப் பார்த்து ஆன் பிடுங்கி எறிவாளே, அது மாதிரி என் கை அவள் முந்தானை வரைக்கும் போய்விட்டது.

அன்றைக்கு உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

பரிமளா


முள்ளிப்பட்டு
7.3.2025

பரி,

இப்படித்தான் இருந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. சிரித்துகினே தறியில் உட்கார்ந்தேன். அப்புறம் இழை அறுந்துகினே இருந்தது. அந்த ஆளுக்காக எனக்கு இன்னும் பொறாமை மிச்சமிருக்கிறதே, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இனியாவைத் திட்டாதே, சின்னப் பெண். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நில். நானும் அதையே கட்டிகினு வருகிறேன். கடைக்குப் போய் அவள் எதிரில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்போம். நாம் வாயே திறக்க வேண்டாம்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஜல்தி கூப்பிடு.

ஆனால் ஒன்று, அந்தக் கலர் எனக்குத்தான் எடுப்பு.

ஸ்வர்ணா