மாஸ்க்கை இறக்காதே, ராசா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகள் நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்துவிட்டாள். உன் தங்கை மகன் செஸ் போட்டியில் மீசைக்காரர் ஒருவரைத் தோற்கடித்தான், அவர் கைகூடக் கொடுக்காமல் எழுந்து போனாராம். உன் மகன் ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு, ஒரு செருப்பு பாதியில் கழன்று விழுந்தும் நிற்கவில்லை. உன் மகளுக்குப் பரிசு ஒன்றும் இல்லை, ஆனால் வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான் என்று டீச்சர் சொன்னார், அதையும் நான் கெட்டிக்காரத்தனத்தில்தான் சேர்த்துக்கொண்டேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் என்று எதிர்வீட்டுக்காரியிடம் ஒன்று விடாமல் சொன்னேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள், நான் பேச ஆரம்பித்தாலே அவள் வீட்டில் பால் பொங்கிவிடுகிறது.

இனி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். உன்னோடு அங்கே வெளிநாட்டில் வேலை பார்த்த ஒட்டடைக்குச்சி வீட்டுக்கு வந்திருந்தான். அவன் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, நீ சொல்லும் பெயரைச் சொல்லியே வாப்பா என்றேன், சிரித்தான். அந்தச் சிரிப்பு இருமலாகி, டீயைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூச்சு வாங்கி உட்காரும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். நெஞ்சுக்குள் சிமெண்டுத் தூசி படிந்துவிட்டது, இனி அந்த வேலைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அவனைத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டி முடித்த ஆஸ்பத்திரியில் மேல்மாடியிலிருந்து தூசி எடுத்துக்கொண்டே இறங்குகிறீர்கள், இன்று துடைத்த இடம் நாளைக்கு மாவு தெளித்த மாதிரி மறுபடி வெளுத்துக் கிடக்குமாம். குளிர்காற்று போகிற தகரக் குழாய்க்கு ஒரு முனையில் ஒருவன் பிரஷ்ஷைத் தள்ள, மறுமுனையில் மெஷின் உறிஞ்ச, நீ நடுவில் நின்று தள்ளு, நிறுத்து என்று குரல் கொடுக்கிறாயாம். அந்தச் சத்தத்தில் மாஸ்க்கோடு பேசினால் யாருக்கும் கேட்காதாமே. "அவன் மாஸ்க்க எறக்கிட்டு கத்துனாதாம்மா எங்களுக்கு வேலையே ஓடும், அந்தத் தொண்டை எங்க யாருக்கும் இல்ல" என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

நீ கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இப்போது போனில் நடுவில் சத்தமே நின்றுபோகிறது, பிறகு லைன் போச்சும்மா என்று வருகிறாய். லைன் போனால் திரும்பி வரும்போது ஏன் ராசா மூச்சு இரைக்கிறது? உன் பெண்டாட்டியும் இதைக் கவனித்திருக்கிறாள், நீ பேசி முடித்ததும் போனைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வரப்போகிற நோயாளிக்கு ஒரு பொட்டுத் தூசி ஆகாது என்றுதானே உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள், அதைத் துடைக்கிற உனக்கு மட்டும் ஆகுமா?

கத்தாமலும் வேலை வாங்கலாம், சிரிக்காமல் கேள். முன்னறையில் உன் மகனையும் பின்கட்டில் உன் மகளையும் நிறுத்தி, நடுவில் துணி காயப்போடும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு இழுப்பு என்றால் தள்ளு, இரண்டு என்றால் நிறுத்து. டி.வி.யை முழுச் சத்தத்தில் வைத்தும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எதற்குப் பாட்டி இது என்றாள் உன் வாயாடி, விளையாட்டு என்று சொல்லி வைத்தேன். அங்கேயும் ஒரு கயிறு கட்டு. உங்கள் மேஸ்திரி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வேலை உடுப்பில் இருக்கும் தூசியைக் காற்று ஊதும் மெஷினால் தட்டாதே, அது மறுபடி மூக்குக்குத்தான் வரும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வா. இந்த வாரமே நெஞ்சுப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டு, என்ன சொன்னாலும் மறைக்காமல் சொல். போதும் வாடா என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது, நீ அங்கே இருப்பதால்தான் இங்கே நாலு பேர் படிக்கிறார்கள் என்பதும் தெரியும், அதனால்தான் ராத்திரி எனக்குக் கண் மூடுவதில்லை.

என் ஆயுசையும் சேர்த்து நீ நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு. போன தடவை மாதிரி சட்டை மாற்றித் தலை சீவி எடுத்தது வேண்டாம். வேலை நடக்கும்போதே, அந்தக் குழாய்ப் பக்கத்தில் நிற்கும்போது எடுக்கச் சொல். மூக்கிலிருந்து தாடை வரைக்கும் மாஸ்க் மூடியிருக்க வேண்டும். யார் இது என்று பிள்ளைகள் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். உன் முகம் தெரியாத போட்டோதான் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா