எதிர்வீட்டு வெயில்

பிப்ரவரி 9

காலை ஏழரைக்குத்தான் சூரியன் எழுந்தது. ஓய்வு பெற்ற நானே ஏழுக்கு எழுந்துவிட்டேன். வேலையில் இருப்பவருக்கு இவ்வளவு மெத்தனம் ஆகாது.

எதிர்வீட்டு ஜெயமாலா அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். எங்கள் பிளாட்டின் லிஃப்ட் ஒரு மாடி விட்டு ஒரு மாடிதான் நிற்கும். எட்டில் நிற்கும், பத்தில் நிற்கும், நாங்கள் குடியிருக்கும் ஒன்பதை அது ஒரு மாடியாகவே மதிப்பதில்லை. ஆகவே எட்டிலிருந்து நான்கு பேர் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வந்தோம். பாரத்தில் முக்கால் பங்கு என்னுடையது. மற்ற மூவரும், அக்காவின் கணவர் சிவகுருநாதன் உட்பட, புகைப்படத்துக்கு நிற்பவர்கள்போலக் கையை வைத்திருந்தார்கள்.

வாசலில் இறக்கியதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனி நான் நடந்துதான் கீழ இறங்குவன். இல்லாட்டி இறங்கவே மாட்டன்."

பிப்ரவரி 14

காலை வெயிலில் உட்காரவேண்டும், பிறகு எழுந்து நிற்கப் பழகவேண்டும், அப்புறம் நடை. இது டாக்டர் உத்தரவு. அவர்கள் பால்கனி தெற்குப் பக்கம். அங்கே வெயில் கொட்டிக் கிடக்கிறது. என் பால்கனி வடக்கு. போன நவம்பரில் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது பொட்டு வெயில் இல்லை. அதற்காகவே வாங்கினேன். போர்ட் கிள்ளானில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவன் நான். சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய தமிழன் வேறு எவனும் இல்லை. பட்டது போதும்.

பிப்ரவரி 21

சரித்திர நாள். என் மீசையைப் பணயம் வைத்துவிட்டேன்.

கீழே குகன் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். சிவகுருநாதன் நில அளவை இலாகாவில் வேலை பார்த்தவர். தேநீரில் சீனி போடமாட்டார், பேச்சிலும் போடமாட்டார். என்றைக்கும் இல்லாமல் கவலையாக இருந்தார். "மார்ச் நடுவில வெயில் எங்கட பக்கத்தை விட்டிடும். ஏப்ரல் பிறந்தா உங்கட பால்கனிக்கு வரும். செப்டம்பர் வரைக்கும் இவளுக்கு வெயில் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சார், இது மலேசியா. இங்க மழை பெய்யும், இல்லாட்டி பெய்யாது, அவ்வளவுதான் சீசன். சூரியன் என்ன வாடகை வீட்லயா இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியத் தூக்க?"

"பகல் இருபது நிமிஷந்தான் கூடிக் குறையும். ஆனா வெயில் சாயிற பக்கம் மாறும். கிரேன்ல இருந்தும் நீர் பார்க்கேல்லையோ?"

அங்கேதான் எனக்குச் சுர்ரென்றது. மே முடிவதற்குள் என் பால்கனியில் வெயில் விழுந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றேன். விழாவிட்டால் அவர் என்னை ஆயுசுக்கும் 'சார்' என்று கூப்பிடவேண்டும். குகன் சாட்சி. "அங்கிள், அந்த மீசைய வச்சுத்தான் உங்கள அடையாளமே தெரியுது, வேணாம்லா" என்றான். இந்த மீசையைப் பார்த்து ஒரு கப்பலே பின்வாங்கியிருக்கிறது.

சிவகுருநாதன் நோட்டில் தேதி எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்.

மார்ச் 8

ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் ஒழுக்கமானவன்.

மார்ச் 16

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்காவின் நாற்காலியைப் பால்கனிக் கம்பி வரைக்கும் தள்ளி வைத்திருந்தார் சிவகுருநாதன். வெயில் அக்காவின் கால்விரலில் மட்டும் இருந்தது. மேகமாக இருக்கும்.

மார்ச் 28

மேகம் இல்லை. எதிர்வீட்டு வெயிலைத்தான் காணோம்.

மதியம் ஒன்றேகாலுக்குக் கீழே போய் நின்று பார்த்தேன். என் நிழலையும் காணோம். தொப்பைக்குக் கீழே வட்டமாகக் கொஞ்சம் இருந்தது. அதுவும் தொப்பையுடையது. சூரியன் நேராக உச்சந்தலையில் நிற்கிறது. எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசிக்கிறதோ? யோசிக்கட்டும். மானஸ்தனாக இருந்தால் தெற்கே சாயும்.

ஏப்ரல் 3

வந்துவிட்டது.

காலை எட்டரை. பால்கனியில் கிழக்கு ஓரம், ஓட்டுத் தரையில் மூன்று விரல் அகலம். துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

தங்கமணி காப்பியோடு வந்து பார்த்தாள். முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு என் மீசையைப் பார்த்தாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி இப்படிச் சிரிக்கக்கூடாது.

மாலை ஆறு மணிக்கு வழக்கம்போலச் சிவகுருநாதன் வாசலில் நின்று கேட்டார். "வந்ததோ?"

"இல்ல சார்."

"இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 5

பாசாரில் பெரிய மூங்கில் திரை வாங்கிப் பால்கனி முழுக்கத் தொங்கவிட்டேன். புறா வருகிறது என்று அறிவித்தாயிற்று. இந்த ஒன்பதாம் மாடிக்கு இதுவரை வந்த புறாக்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

ஏப்ரல் 17

"வந்ததோ?"

"இல்ல சார்."

மனிதர் கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தால் போதும். இலாகாவில் ஊரையே அளந்தவர், என் ஒரு வார்த்தையை மட்டும் அளக்காமல் வாங்கிக்கொள்கிறார். என்ன மாதிரி ஆள் இவர்? நம்பி நம்பியே ஒருவனைச் சாகடிப்பது என்று எங்கே படித்தாரோ.

ஏப்ரல் 26

தங்கமணியின் கண்டன அறிக்கை: "ஏங்க, ஒரு மீசைக்காக வீட்டையே குகையாக்கி வச்சிருக்கீங்க. போர்வைல ஈர நாய் வாசம் அடிக்குது. வெளிய வெயில் கத்துது, உள்ள லைட்டப் போட்டுக்கிட்டு வெங்காயம் நறுக்குறேன்."

வீரர்கள் போர்க்களத்தில் பேசமாட்டார்கள்.

மே 10

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மாலை ஆறரைக்குக் குப்பை கொட்டப் போனேன். எங்கள் நடைபாதையின் மேற்குக் கோடியில், காற்றுக்காக வைத்த துளைக்கல் சுவர் ஒன்று இருக்கிறது. அதன் அடியில், காலி கேஸ் தோம்புகளுக்கும் யாரோ போட்டுவிட்டுப் போன மெத்தைக்கும் நடுவில், அக்காவின் நாற்காலி. துளை வழியாக விழுந்த ஒரு வட்டம் வெயிலுக்குள் கையை நீட்டி வைத்திருந்தார். வட்டம் நகர்ந்தால் கையும் நகர்ந்தது.

"என்னக்கா இங்க?"

"வெயில் வாங்குறன் தம்பி. இருபது சென் காசளவுதான் தருகுது இந்தச் சுவர்." சிரித்தார். முழங்காலில் சால்வை போட்டிருந்தார். கிள்ளானில், மே மாதத்தில், சால்வை.

"நிக்கப் பழகுறீங்களாக்கா?"

"இருட்டு அறையில எழும்பி நிண்டு என்னத்தைப் பார்க்க?"

குப்பையைக் கொட்டாமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. தங்கமணி கேட்டாள், இதை ஏன் சாப்பாட்டு மேசைமேல் வைத்தீர்கள் என்று.

மே 11

கிரேன் அறையைப் பற்றி யோசித்தேன். கடலைப் பார்த்து, மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பேன். மாலையில் கண் கூசும் என்று கண்ணாடியில் பழைய பேப்பர் ஒட்டுவேன். ஜூன் ஜூலையில் வலது கண்ணாடியில். டிசம்பர் வந்தால் அதைக் கிழித்து இடது கண்ணாடியில். முப்பத்திரண்டு வருடம், வருடத்துக்கு இரண்டு முறை, இந்தக் கைதான் ஒட்டியது. கைக்குத் தெரிந்திருக்கிறது. மேலே இருக்கிற முண்டத்துக்கு ஒரு நாளாவது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குக் கடையில் சிவகுருநாதன் கேட்டது சரிதான். நான் சூரியனைப் பார்த்ததே இல்லை. மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இப்போதும் அதைத்தானே செய்கிறேன்?

மாலை: "வந்ததோ?" "இல்ல சார்."

சொல்லிவிட்டேன். வாயைத் தைக்கவேண்டும்.

மே 12

காலை எட்டுக்குத் திரையை அவிழ்த்தேன். வெயில் உள்ளே வந்து சோபா வரைக்கும் உட்கார்ந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், வந்துருச்சு."

சிவகுருநாதன் நோட்டோடு வந்தார். "எப்ப?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். மே முடியவில்லை, மானமும் பாதி மிஞ்சும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஏப்ரல் மூணு, சார். காலைல எட்டரை."

அவர் வாசலிலேயே நின்று, ஸ்கேல் வைத்து, முப்பத்தொன்பது 'இல்லை'களையும் ஒவ்வொன்றாக அடித்தார். ஒன்றைக்கூடச் சேர்த்து அடிக்கவில்லை. நான் முப்பத்தொன்பது கோடும் நின்று பார்த்தேன். கிரேன் கம்பி அறுந்த அன்றுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

முடிந்ததும் நோட்டை மூடினார். "அப்ப என்ட கணக்கு சரி" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஜெயா, வெளிக்கிடும். வெயில் பக்கிரிசாமி வீட்டிலயாம்."

குரல் கொஞ்சம் உடைந்ததோ? எனக்கென்ன தெரியும். நான் நாற்காலியைத் தள்ளப் போய்விட்டேன். பதினொரு அடி தூரம். இதற்கு முப்பத்தொன்பது நாள்.

மே 13

மீசை போனது. குகன் கடை வாசலில், பகிரங்கமாக. கிள்ளானே திரண்டிருந்தது. சரியாகச் சொன்னால் ஆறு பேரும் ஒரு பூனையும்.

"இப்பப் பார்க்க நல்ல மனுசன் மாதிரி இருக்கீங்க அங்கிள்" என்றான் குகன். திட்டுகிறானா?

மே 30

அக்கா தினமும் எட்டுக்கு வருகிறார். தங்கமணியும் அவரும் பேசுவதைக் கேட்டால் சூரியனே காதைப் பொத்திக்கொள்ளும். எனக்கு என் வீட்டில் உட்கார இடமில்லை.

ஜூன் 21

கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். சிவகுருநாதன் கைக்கடிகாரம் பார்த்தார்: நாற்பது வினாடி. வெயில் இன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் அதிகம் வருமாம், நாளை முதல் திரும்பி நடக்க ஆரம்பிக்குமாம். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதினார். என் வீட்டுத் தரை இப்போது அரசாங்க வரைபடம்.

ஜூலை 19

புகைமூட்டம். சூரியன் கோழிமுட்டை மஞ்சள் கரு மாதிரி இருந்தது. அக்கா இன்று நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு நடந்தார், நாற்காலியில் தங்கமணியின் சேலை மூட்டை.

செப்டம்பர் 10

சாக்கட்டிக் கோடுகள் மட்டும் இருக்கின்றன. வெயில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தெற்கிலும் இன்னும் சேரவில்லையாம், மூன்று நான்கு வாரம் இரண்டு வீட்டுக்கும் இல்லையாம். அக்கா ஊன்றுகோலோடு எட்டுக்கு வந்துவிட்டார்.

செப்டம்பர் 21

அக்கா நடந்து இறங்கினார்.

எட்டாம் மாடிக்குப் பதினாறு படி. சிவகுருநாதன் பின்னால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். நான் முன்னால், பின்பக்கமாக இறங்கினேன், விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. மெத்தைக்கு வேண்டிய தகுதி எல்லாம் எனக்கு உண்டு. பன்னிரண்டாவது படியில் அக்கா நின்றார். "தம்பி, நீர் வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறீர்." விலகினேன்.

குகன் கடையில் தே தாரிக் குடித்தார். இரண்டு. சீனியோடு.

அக்டோபர் 7

அக்கா வழக்கம்போல எட்டுக்கு வந்து, வெயிலே இல்லாத என் பால்கனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, வெயில் உங்க பக்கம் திரும்பிருச்சாமே."

"தெரியும் தம்பி. அங்க வெயிலும் இருக்கு, அவரும் இருக்கார். ரெண்டையும் ஒண்டாத் தாங்கேலாது."

தங்கமணி ஈரத்துணி வாளியை என் கையில் திணித்தாள். எதிர்வீட்டுக்குத் தூக்கிப் போனேன். சிவகுருநாதன் தெற்குப் பால்கனியில் முன்னதாகவே கொடி கட்டி வைத்திருந்தார், மட்டம் பார்த்து. "கிழக்கு ஓரத்தில போர்வையைப் போடும். வெயில் அங்கதான் முதல்ல வரும்."

போட்டேன். முளைத்து வரும் என் மீசையை ஒரு பார்வை பார்த்தார். நோட்டைத் திறந்தார்.

"உங்கட வீட்டில வெயில் எண்டைக்கு நிண்டது?"

"செப்டம்பர் பத்து, சார்."

தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார்.