நூறு வாங்கியவள் கடைசியில்

“சார், இது நம்பர்தானா? கம்ப்யூட்டரையே கேட்டுப் பாத்தீங்களா?” என்று அன்று நீங்கள் கேட்டதற்கு நான் சிரித்தேன், மேடம். இன்று காலை திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து வாய் கசந்தது. டோக்கன் பலகையில் ஒன்றுக்கு அடுத்துப் பத்து, பதினொன்று, அப்புறம்தான் இரண்டு. இரண்டாம் டோக்கன்காரர் பக்கத்தில் இருந்தார். “மெஷின்ல வந்தா கரீட்டாத்தான் இருக்கும் சார். குந்திக்கினு இருப்போம்” என்றார். நான் எழுந்துபோய்ச் சொன்னேன். “சிஸ்டம்ல அப்படித்தான் வருது” என்றாள் கவுன்டர் பெண்.

நீங்கள் கண்மூடி இரண்டு மாதம் ஆகிறது. இதைச் சொல்ல வேறு ஆளில்லை.

வீட்டுக்கு ஒருவர் சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் பாடம் நடத்தினோம். நம் தேர்வில் முதல் பத்துப் பேருக்கு வேலை என்றது ஒரு சென்னைக் கம்பெனி. தாள்களைத் திருத்தி, மார்க்குகளைத் திரையில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டியது நீங்கள். வரிசைப்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை எழுதியது நான். நீங்கள் லீவில் இருந்த நாளில் லிஸ்ட் எடுத்தேன். பெயரும் ராங்கும் மட்டும், மார்க் இல்லை. கடைசியில் வரதய்யபாளையம் காலனிப் பெண். சென்டர் ஓனரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கூலிக்குப் போகிற வீடு, அவள் அங்கேதான் இருப்பாள் என்பதுபோலத் தாளைத் திருப்பினோம். அன்றே கம்பெனிக்கு ஃபேக்ஸ் போய்விட்டது.

“அந்தப் பொண்ணு நூத்துக்கு நூறு சார். நான்தான் திருத்தினேன்” என்றீர்கள் வந்ததும். அப்புறம்தான் இது நம்பர்தானா என்ற அந்தக் கேள்வி. நான் சிரித்து முடிப்பதற்குள், எண்ணா எழுத்தா என்று சொல்லும் typeof-ஐத் தட்டி, பின்னால் புரோகிராமுக்குள் இருந்த அவள் மார்க்கைப் போட்டீர்கள். string, அதாவது எழுத்து, என்று வந்தது. கட்டத்தில் எதைத் தட்டினாலும் எழுத்தாகத்தான் உள்ளே போகும். நான் அதை எண்ணாக மாற்றியிருக்க வேண்டும். எழுத்து என்றால் அகராதி மாதிரி முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடும். 95-இல் ஒன்பது, 100-இல் ஒன்று. முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் அடுத்ததைப் பார்க்கும், அதனால் பன்னிரண்டு வாங்கியவன்கூட அவளுக்கு மேலே இருந்தான்.

“லிஸ்ட் அய்பொயிந்தி சார்” என்று தெலுங்கில் முடித்துவிட்டார் ஓனர். “முடிஞ்சதக் கிளறாதீங்க. அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்.” நான் தலையாட்டினேன்.

நீங்கள் புது லிஸ்ட்டோடு அவள் ஊர்ப் பக்கம் போகும் சத்தியவேடு பஸ் ஏறினீர்கள். அவள் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாளாம். “கம்ப்யூட்டரே போட்டுச்சே மேடம். நைனாவும் நமக்கு இவ்ளோதான்னுட்டாரு” என்றாளாம். அவளைச் சென்னைக்கும் அழைத்துப் போனீர்கள். பத்து இடமும் நிரம்பிவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் சூளூர்பேட்டை பக்கம் பேக்கிங் வேலைக்குப் போனாள்.

அப்புறம் எத்தனையோ வகுப்பில் typeof சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். ஓனரின் அக்கா மகன் கடைசியில் வந்திருந்தால் அப்போதே தட்டிப் பார்த்திருப்பேன். இதைத்தான் நான் இன்னும் சுமக்கிறேன் மேடம்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் லிஸ்ட் சரியாக இருக்கிறது என்று தோன்றும்போது, அதன் கடைசி வரியில் உள்ள மதிப்பை எடுத்து, அதற்கு முன்னால் typeof என்று தட்டிப் பாருங்கள்.