மடையத் தொறங்கடா

ஞாயிறு இரவு

புது மைக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு இதை எழுதுகிறேன்.

காலையில் திருவரங்குளம் டீக்கடையில் நின்றபோது மனை விற்பனை விளம்பர ஆட்டோ வந்தது. ஸ்பீக்கரில் என் ராப். முதலில் "மடையத் தொறங்கடா!" என்று ஒரு கத்தல், அப்புறம் டிரம், அப்புறம் பிளாட்டின் பெருமையை அடுக்கும் என் குரல்.

அந்தக் கத்தல் எங்கள் ஊர் விவசாயி ராமையா அண்ணனுடையது. கண்மாயைத் தூர்ப்பதை எதிர்த்து நான் போட்ட முதல் பாட்டுக்காக, வயலில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திக் கொடுத்தார். பாட்டை ஊரில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மனைக்காரர் கேட்டார்.

"அந்தக் கத்தல்தான் தம்பி கெத்தே. அத அப்புடியே வச்சிக்கிட்டு வரிய மட்டும் மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தேன். அந்தக் காசில்தான் மைக். மனைகள் இருப்பது அதே கண்மாய்க்குள்.

ராமையா அண்ணனும் கடையில்தான் இருந்தார். ஆட்டோ தெரு திரும்பும்வரை கிளாஸைக் கையில் பிடித்தபடி பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது என் கொரலு மாதிரியில்ல இருக்கு?"

"இல்லண்ணே, அது கம்ப்யூட்டர்ல போடுற கொரலு."

யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்திருக்கிறது.

"அதான பாத்தேன். நான் எங்கிட்டுப் போயி பிளாட்டு விக்கப் போறேன்" என்று சிரித்தார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

மனுஷன் தன் காதை நம்பவில்லை. என்னை நம்பிவிட்டார்.