பிரிக்காத கவர்

அக்கா,

நான் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போகிறேன். கார் சாவி ஆணியில் தொங்குகிறது. மூன்று மணிக்குப் பாப்பாவைப் பள்ளியிலிருந்து நடத்தியே கூட்டி வா. கேட்டால், கார் ரிப்பேர் என்று சொல்லிவிடு.

லைசென்ஸ் புதுப்பிக்க மூன்று நாள் அலைந்தேன். எந்தக் கவுண்டரிலும் ஒரே பாட்டுதான்: "உங்க பேர்ல வாரண்ட் நிக்குது சார். அது ரத்தாகாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." பாப்பாவின் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிவப்பு விளக்கைத் தாண்டினேனே, அந்த வழக்கு. ஆஜராக வேண்டிய நாளில் அவளை அடக்கம் செய்துகொண்டிருந்தேன். இந்த வாரத்துக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் கம்பெனி வேனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். வேலையும் அதோடு சரி.

"வந்த கவரையெல்லாம் பிரிக்காம டிராயர்ல அடுக்கி வெச்சா, கோர்ட்டு வீடு தேடி வந்து கொஞ்சுமாடா?" என்று நேற்று கத்தினாய். நியாயம்தான். சம்மனும் அதில்தான் கிடந்தது. ஆனால் பாப்பா முன்னால் கத்தியிருக்க வேண்டாம்.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சுட வைத்துக்கொள்.

பி.கு.: இறப்புச் சான்றிதழைக் காட்டினால் வாரண்டை ரத்து செய்துவிடுவார்கள் என்கிறார் வக்கீல். அது வந்த கவரையும் நான் பிரிக்கவில்லை. அப்படியே எடுத்துப் போகிறேன். நீதிபதி பிரித்துக்கொள்ளட்டும்.