ஆறுமுகம் அண்ணனின் குரல்

வியாழன், இரவு.

ஆறுமுகம் அண்ணனுக்கு இன்று காலை ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. தொண்டைப் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி அவர் பேச முடியாது.

அதற்காகத்தான் முந்தாநாள் கோப்பெங் பக்கம் அவர் முன்பு வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்கே கூட்டிப்போய், அவர் பேசுவதை மதியம் முழுக்க எங்கள் ஆவணப்படத்துக்குப் படம் பிடித்தோம். அங்கே கரண்ட் இல்லை. கேமரா கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றும்போதே லேப்டாப் அணைந்துவிட்டது. கேமரா பிடிக்கும் குமரன், எல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்து கார்டை அழித்துவிட்டான். நேற்று அதிலேயே வேறு காட்சிகளும் எடுத்துவிட்டோம். இன்று டிஸ்கைத் திறந்தால் ரப்பர் மரங்கள் இருக்கின்றன. அண்ணன் இல்லை. அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணனின் மனைவி போன் செய்தார்.

“தம்பி, அவரு கண்ணு முழிச்சிட்டாருலா. அந்த வீடியோவ அனுப்புறீங்களா? பிள்ளைங்க கேக்குறாங்க.”

“அனுப்புறேங்க்கா,” என்றேன்.

குமரனிடம் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

இப்போது அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். “குரல் தெளிவா விழுந்திருக்கான்னு உங்கண்ணே எழுதிக் காட்டிக் கேக்குறாரு தம்பி.”