மூன்றாம் நாள் அவள் நன்றாக இருந்தாள்

நல்லம்பள்ளி
ஜூலை 14, திங்கட்கிழமை

அன்புத் தங்கை மணிமேகலைக்கு,

அண்ணன் எழுதுவது. ஆறு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். இதையாவது கடைசிவரை படித்துவிடு.

இங்கே இரண்டு மழை பெய்தது. மேட்டுக் காட்டில் இந்த வருஷம் கடலை போடவில்லை. விதைக்கு வைத்திருந்த மூட்டைகளை வியாபாரிக்கே போட்டுவிட்டேன். உன் அண்ணி சுகுணா நூறு நாள் வேலைக்குப் போகிறாள். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நேற்று மாப்பிள்ளை அறிவழகன் பேசினார். புனேயில் ஆராய்ச்சி வேலை வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாயாம். இந்த மாதக் கடைசிக்குள் மனம் மாறினால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். "எலியைக் கையில எடுக்க முடியலன்னு அழுவுறா மச்சான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்றார். நான் சொன்னால் கேட்பாய் என்று நினைக்கிறார். அவருக்கு நடந்தது முழுதும் தெரியாது. உனக்கும் தெரியாது.

பொங்கலுக்கு வந்தபோது உன் வேலையைப் பற்றி எங்கள் கனிமொழிக்குச் சொன்னாய். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் பத்து நாளில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும், மனுஷருக்கும் அப்படித்தான் என்றாய். "வெட்டுனது எலிக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள். மயக்க மருந்து கொடுப்போம் என்றாய். "அப்ப வளந்ததாவது தெரியுமா?" என்றாள். தெரியலையே என்றாய். "படிச்சவங்களுக்கே தெரியல பாரு" என்று அவள் கை தட்டிச் சிரித்தாள்.

கனியை அடக்கத்துக்கு எடுத்த அன்று சென்னப்பன் மாமா பந்தலில் உட்கார்ந்து, "ஈரல் தானா வளந்துக்கும்னு தங்கச்சி சொல்லுச்சாம். அத நம்பித்தான் ஆஸ்பத்திரியிலருந்து புள்ளையக் கூட்டியாந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் காதில் விழுந்தது. நீ சுகுணாவிடம் போய், "நாந்தான் அண்ணி சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்றாய். நான் நாலடி தள்ளி நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மே 24, சனிக்கிழமை. விதை மூட்டையை எலி கடிக்கிறது என்று, விற்கக் கூடாது என்று தடை போட்ட அந்த எலி விஷப் பசையைச் சந்தையில் கேட்டு வாங்கியவன் நான். தேங்காய்ச் சில்லில் தடவி மூட்டைக்கு அடியில் வைத்ததும் நான். காலை எட்டரை மணிக்குக் கனி அதைத் தின்றுவிட்டாள். ஒன்பதரைக்குள் தர்மபுரி ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். ஞாயிறு மாலையோடு வாந்தி நின்றது.

திங்கட்கிழமை, மூன்றாம் நாள், அவள் நன்றாக இருந்தாள். இட்லி கேட்டு வாங்கித் தின்றாள். பக்கத்துக் கட்டில் ரோசம்மாளிடம், "ஆயா, நீங்க குறட்டை விட்டா ஃபேன் சத்தமே கேக்கல" என்று வம்பிழுத்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம்ப்பா, இங்க நெடி அடிக்குது" என்றாள்.

டாக்டரம்மா விடவில்லை. இந்த விஷம் மூன்றாம் நாள் ஆளை நல்லபடியாகக் காட்டும், வியாழன்வரை இருந்து தினமும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் நான் உன் பெயரை எடுத்தேன். "எந் தங்கச்சி ஈரலத்தான் ஆராய்ச்சி பண்ணுதுங்க. அது தானா வளந்துக்கும்ங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வளரும்ங்க. வளர்றதுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கணும், நாலு நாள் டைம் வேணும். இந்த விஷம் அந்த டைமைக் குடுக்காது. உங்க தங்கச்சிக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றார்.

சுகுணாவும் அதையே சொன்னாள். "மணிக்கு ஒரு போன் போடுங்க. அது சரின்னா கூட்டிட்டுப் போலாம்" என்றாள். போன் என் கையில்தான் இருந்தது.

நான் போடவில்லை, மணி. மறந்து போகவில்லை. நீ வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை வீட்டுக்கு அழைத்து வந்தால் படுக்கை திரும்பும், மறுபடி நோயில் விழுவார் என்று நம் பக்கத்தில் யாரும் அழைத்து வருவதில்லை. புதன் அமாவாசைக்கு மறுநாள், பாட்டிமை, அதுவும் ஆகாது. திங்கட்கிழமையை விட்டால் வியாழன்தான். அதுவரை வார்டில் வருகிறவர் போகிறவரெல்லாம், எலி மருந்து வைத்தது யார் என்று கேட்பார்கள். அதைத் தாங்க முடியாமல், பொறுப்பு எங்களுடையது என்று கையெழுத்துப் போட்டு நாலு மணி பஸ்ஸில் கூட்டி வந்தேன்.

புதன் காலை அவள் கண் மஞ்சளாக இருந்தது. அப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன். சேலத்துக்குக் கொண்டு போனோம். மாற்று ஈரல் வைக்க நான் தருகிறேன் என்றேன். என் ரத்தம் சேர்ந்தது. ஆனால் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது, மூளை வீங்கிவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் போய்விட்டாள். ஒன்பது வயது முடிய பதினோரு நாள் இருந்தது.

ஆக, உன் பேச்சைக் கேட்டு அவள் போகவில்லை. உன் பேச்சைக் கேட்காமலிருக்க நான் முடிவெடுத்ததால் போனாள். அன்று போன் போடச் சொன்னதைச் சுகுணா இன்றுவரை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொன்னால் தேவலை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லவில்லை. சேலத்தில் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து, அவள் ஈரலில் ஊசி அளவு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. இதே விஷத்தில் சிலருக்கு ஈரல் மறுபடி வளர்கிறது, சிலருக்கு வளர்வதில்லை, ஏன் என்று பார்க்கிறார்களாம். சுகுணாதான் முதலில் கையெழுத்துப் போட்டாள். "எடுத்துக்கோங்க. எங்க மணியும் இந்த வேலதான் பாக்குது" என்றாள். உன்னைப் பற்றி அவள் நினைப்பது அதுதான்.

மணி, உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். என் கையால் ஒருத்தி போனது போதும். உன் படிப்பும் என்னால் போனது என்று இருக்க வேண்டாம். மாதம் முடிவதற்குள் வேலைக்குப் போ. என்னோடு பேச வேண்டாம். வேலையில் சேரும் அன்று காலை உள்ளே போவதற்கு முன் ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன். சுகுணாவிடம் போனை நீட்டி, மணி வேலைக்குப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்வேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
மதியழகன்